பதினாறு வயதில் தாலி: என் தங்கைக்கு நடந்தது அவள் மகளுக்கு நடவாது

தங்கை மறைந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியாகிய இன்று இந்நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும், மூத்த சகோதரியாகிய நான் என் தங்கையின் வாழ்வை எழுதுகிறேன்.

தங்கை யாழ்ப்பாணத்தில் எம் பெற்றோரின் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தாள். இடப்பெயர்வோடு வன்னிக்குப் போய் அங்கே வளர்ந்தாள். கணிதத்தில் கெட்டிக்காரி. அச்சகத்தார் தந்த மாதிரியில் அடுத்த வரி, "உரிய வயதில் இல்லறம் ஏற்று இனிதே வாழ்ந்தார்" என்றிருந்தது. அதை வெட்டிவிட்டேன். அது உரிய வயதும் அல்ல, இனிய வாழ்வும் அல்ல.

எம் அம்மாவின் தாயார் பதினாறு வயதில் முதற்பிள்ளை பெற்றார். அம்மா பெற்றது இருபத்துநான்கில். பெண்கள் படிக்கப் படிக்கத் தாயாகும் வயது ஏறியது. எங்கள் வீட்டில் மட்டுமல்ல, நாடெங்கும் அப்படித்தான் இருந்தது. கடைசிப் போர் அதை எங்கள் பக்கத்தில் தலைகீழாக்கியது. மணமான பெண்ணை இயக்கத்தார் போருக்குப் பிடிக்கமாட்டார்கள் என்று நம்பி, பள்ளிச் சீருடையில் இருந்த பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகத் தாலி கட்டினார்கள். சித்தப்பா அவர்கள் தங்கைக்கும் ஒருவரைப் பேசி முடித்தார். அப்போது அவளுக்கு வயது பதினாறு. சில மாதங்களில் கணவர் ஷெல் வீச்சில் இறந்தார். பதினேழு வயதில், முகாம் கூடாரத்தில், தங்கை மகளைப் பெற்றாள்.

பின்னர் பிள்ளையோடு பாரிசுக்கு வந்து, புறநகர் மகப்பேற்று விடுதியொன்றில் துப்புரவுப் பணி செய்தாள். அங்கிருந்த மூத்த மருத்துவச்சி, தான் இளவயதில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பள்ளி வயதுத் தாய்மார் அடிக்கடி வந்ததாகவும், வர வரக் குறைந்து இப்போது அரிதாகிவிட்டதாகவும் சொல்வாராம். "அக்கா, இஞ்சை என்னை மாதிரி ஒருத்தியைத் தேடித்தான் பிடிக்கவேணும்" என்று தங்கை சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

புற்றுநோய் கண்டு ஓராண்டுக்குள் படுத்துவிட்டாள். கடைசி வாரத்தில் என் கையைப் பிடித்து, "பிள்ளையைப் படிக்க விடு அக்கா. ஆர் வந்து கேட்டாலும் குடுத்துப்போடாதை" என்றாள். முப்பத்துமூன்று வயதில் போய்விட்டாள்.

எட்டாம் நாள் எட்டுச்செலவன்று, பாரிசுப் புறநகர் பியர்ஃபித்திலுள்ள எம் வீட்டில் பந்தி நடந்தது. தங்கையின் பதினாறு வயது மகள் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். சித்தப்பா அவர்கள் இலையில் இருந்தபடியே தொடங்கினார்.

"தாயில்லாத குமர், பிள்ளை. வைச்சுப் பாக்கேலாது. செவ்ரானிலை ஒரு பெடியன், லா சப்பலிலை சொந்தக் கடை. இப்ப தாலியைக் கட்டுவம். கலியாணப் பதிவு எழுத்தைப் பதினெட்டுக்குப் பிறகு வைக்கலாம்."

"தாயும் இந்த வயசிலைதானே கட்டினவ" என்றார் பக்கத்தில் இருந்த மாமி. "என்ன குறைஞ்சு போனவ?"

வீட்டில் பிரெஞ்சில் மட்டும் பதில் சொல்லும் மகள், அன்று சட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தமிழில் கேட்டாள்:

"அவருக்கு எத்தினை வயசு, தாத்தா?"

"முப்பத்திரண்டு. நல்ல குணம்."

"பெரியம்மாவுக்கு நாப்பத்தைஞ்சு. அப்ப அவர் எனக்குக் கிட்டவோ, பெரியம்மாவுக்குக் கிட்டவோ? கணக்கைப் பாருங்கோ."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சித்தப்பா இலையை மடித்துவிட்டு எழும்பினார். "வாய் நீண்டுபோச்சு. படிக்க விட்டால் இதுதான்."

"ஓம் சித்தப்பா" என்றேன். "அதுக்குத்தான் விடுறம்."

அங்கே பயத்தில் செய்தோம் என்றார்கள். இங்கே எந்தப் பயம்? ஷெல் விழாத ஊரில், இந்த நாட்டுச் சட்டத்துக்கு ஒளித்து, தாயின் சாம்பல் ஆறுமுன் பிள்ளையைக் கேட்பவர்களை நினைத்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. மலரில் இதை எழுதலாமா என்று மகளிடம் கேட்டேன். "எழுதுங்கோ பெரியம்மா. நான் பிறந்தது பிழையில்லை. அம்மாவை அந்த வயசிலை பெற வைச்சதுதான் பிழை" என்றாள்.

தங்கையை இறுதிவரை பராமரித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், முறை வைத்து உணவு கொண்டுவந்த அயலவர்க்கும், அவள் உடலைச் சுமந்தவர்களுக்கும், மலர்வளையம் வைத்த விடுதிப் பணியாளர்க்கும் எம் குடும்பத்தின் நன்றி உரியது. துக்கம் கேட்க எவரும் எந்நேரமும் வரலாம். சம்பந்தம் பேச எவரும் வரவேண்டாம். பிள்ளை பள்ளிக்கூடம் போயிருப்பாள்.