பனி தேய்க்கும் இடைவேளை

சீட்ஸ்கேவின் வேலை பாலம் தூக்குவது. நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில் கால்வாய்க்கும் பஞ்சமில்லை, படகுக்கும் பஞ்சமில்லை. பாய்மரம் ஒன்று தூரத்தில் தெரிந்ததும் அவள் தன் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்தபடி ஒரு பொத்தானை அழுத்துவாள். மணி அடிக்கும், சிவப்பு விளக்கு எரியும், தடுப்புக் கட்டை இறங்கும். காரோ லாரியோ, எந்தக் கொம்பனாக இருந்தாலும் நின்றே ஆகவேண்டும். ஹாரன் அடித்துத் திட்டுகிறவர்களை ஜன்னல் வழியாக ஒரு முறை முறைப்பாள், அவ்வளவுதான். முப்பது வருஷமாக இப்படி ஊரையே நிறுத்தி வைத்தவளுக்கு, அப்பா வீட்டு டிவியைப் பத்து நிமிஷம் நிறுத்த வக்கில்லை. ஐம்பத்து மூன்று வயதிலும் அந்த எரிச்சல் அவளுக்கு ஆறவில்லை.

அவள் அப்பா டௌவே பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். காலையில் காபிக்கு முன்னால் டிவியைப் போடுவார், படுக்கப் போகும்போது அணைப்பார். நடுவில் யார் வந்தாலும் அது பாட்டுக்கு ஓடும். பிறந்தநாளுக்கு வந்தவர்கள், துக்கம் கேட்க வந்தவர்கள், ஒருமுறை ஆசீர்வாதம் செய்ய வந்த பாதிரியார், எல்லோரும் அதோடு போட்டி போட்டுக்கொண்டு கத்திப் பேசிவிட்டுத் தொண்டை கட்டித்தான் வீடு திரும்பினார்கள். குளிர்காலம் வந்தால் இன்னும் மோசம். சனி, ஞாயிறு முழுக்கப் பனிச்சறுக்கு ஓட்டம். டௌவே மடியில் கோடு போட்ட நோட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் எத்தனை நொடி என்று எழுதுவார். பத்தாயிரம் மீட்டர் ஓட்டம் என்றால் இருபத்தைந்து சுற்று. ஒரு சுற்று விட்டுப்போனாலும் அன்றைக்கு வீட்டில் இருப்பவர்கள் பாடு அதோகதிதான்.

ஆனால் இரண்டிரண்டு பேராக மூன்று ஜோடி ஓடி முடிந்ததும் பனித்தளம் கீறல் விழுந்து கிடக்கும். இரண்டு வண்டிகள் வந்து வெந்நீர் ஊற்றித் தேய்த்துச் சமன் செய்யும். அதற்குக் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரம்தான் இந்தக் குடும்பத்துக்குப் பேச்சு நேரம். எதை எடுத்தாலும் டௌவே கையை உயர்த்தி, "இரு, பனி தேய்க்கட்டும்" என்பார். சீட்ஸ்கே பரீட்சையில் தோற்றதை அந்த இடைவேளையில்தான் சொன்னாள். அவள் தம்பி கெர்பன் தனக்குப் பெண் பார்த்துவிட்டதையும் அப்போதுதான் சொன்னான். புருஷன் தன்னை விட்டுப் போன செய்தியை அவள் வாயைத் திறந்து சொன்னபோது வண்டிகள் கடைசிச் சுற்றில் இருந்தன. "அப்படியா? அவன் மூஞ்சியே எனக்குப் பிடிக்கல" என்றார் அப்பா. அதற்குள் அடுத்த ஜோடி கோட்டில் வந்து நின்றுவிட்டது. அவர் பேனாவை எடுத்துக்கொண்டார்.

பதினாறு வருஷத்துக்கு முந்தைய கதை அது. அவள் மன்னிக்கவே இல்லை. இன்றைக்கும் கூண்டில் தனியாக இருக்கும்போது அந்தப் பேனாவை நினைத்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அம்மா ஆல்ட்யே விஷயம் வேறு. இருபத்தெட்டு வருஷம் சந்தையில் மீன் விற்ற குரல் அது. மீன் வண்டிக்குப் பின்னால் நின்று அவள் ஒரு சத்தம் கொடுத்தால் கால்வாய்க்கு அந்தப் பக்கம் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். வீட்டில் டிவியை மீறிக் கேட்ட ஒரே குரலும் அதுதான். நாலு வருஷத்துக்கு முன்னால் நடுக்குவாதம் வந்தது. முதலில் கை போயிற்று, பிறகு கையெழுத்து சிறுத்தது, பிறகு குரல். இப்போது அம்மா பேசினால் பக்கத்தில் இருப்பவர் காதைக் கொண்டுபோய் வைக்கவேண்டும். யார் வைக்கிறார்கள்? டிவி அலற, அம்மா உதட்டை அசைக்க, எல்லோரும் "ஆமா ஆமா, சரி சரி" என்று தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். போன கிறிஸ்துமஸுக்கு அம்மா 'எனக்கு மூச்சு முட்டுது, ஜன்னலைத் திற' என்று சொல்லியிருக்கிறாள். கெர்பன் "ஆமாம்மா, ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டு கேக்கை எடுத்துக்கொண்டான்.

இந்தப் பிப்ரவரியில் அம்மாவுக்கு எழுபத்தெட்டு. ஆறு வாரமாகப் பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். பிறந்தநாளன்று குடும்பத்தார் முன்னால் ஐந்து வாக்கியம் சத்தமாகச் சொல்லவேண்டும் என்று அந்தப் பெண் அம்மாவிடம் கேட்டுக்கொண்டாளாம். அம்மா தினமும் சமையலறையில் நின்று "ஆ... ஆ..." என்று தொண்டையை இழுத்துப் பழகினாள். என்ன ஐந்து வாக்கியம் என்று கேட்டால் சொல்லமாட்டாள்.

வெள்ளிக்கிழமை சீட்ஸ்கே அப்பாவுக்குப் போன் செய்தாள்.

"அப்பா, நாளைக்கு அம்மா பேசப்போறாங்க. ரெண்டு மணிக்கு மாத்திரை போட்டா மூணு மணிக்குக் குரல் வரும். மூணரைக்கெல்லாம் போயிடும். அந்த நேரத்துக்கு மட்டும் டிவியை அணைச்சிடுங்க."

"நாளைக்குப் பத்தாயிரம் மீட்டர்டி."

"தெரியும். அதனாலதான் கெஞ்சுறேன்."

"மூணு மணிக்குப் பனி தேய்ப்பாங்க. அப்ப அணைக்கிறேன். போதுமா?"

"சத்தத்தைக் குறைக்கிறது இல்லப்பா, அணைக்கிறது."

"அட, அணைக்கிறேன்னு சொல்லிட்டேன்ல! எத்தனை தடவை?"

சனிக்கிழமை இரண்டு மணிக்கெல்லாம் நாற்காலிகளை வட்டமாகப் போட்டாயிற்று. வந்தவர்கள் ஊர் வழக்கப்படி ஒவ்வொருவராகச் சுற்றி வந்து எல்லோருக்கும் கைகொடுத்தார்கள். "உங்க மனைவிக்குப் பிறந்தநாள், வாழ்த்துகள்", "உங்க அம்மாவுக்குப் பிறந்தநாள், வாழ்த்துகள்" என்று ஒருத்தரையும் விடாமல் வாழ்த்தினார்கள். டௌவே இடது கையை நீட்டி வாழ்த்தை வாங்கிக்கொண்டார். வலது கை நோட்டில் இருந்தது. வட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தது. அங்கே டிவி, தானும் ஒரு விருந்தாளிபோல.

அம்மா நீலச் சட்டை போட்டு, தலையைச் சீவி, கையில் மடித்த காகிதத்தோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் அடுத்த தெரு ஃபெம்கே. காபி வந்தது, இளஞ்சிவப்புச் சர்க்கரை பூசிய கேக் வந்தது. முதல் ஜோடி, இரண்டாவது ஜோடி, மூன்றாவது ஜோடி. சீட்ஸ்கே பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு சுற்றையும் எண்ணினாள்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வண்டிகள் தளத்துக்கு வந்தன. சீட்ஸ்கே அப்பாவைப் பார்த்தாள். அப்பா ரிமோட்டை எடுத்தார். சத்தத்தைக் குறைத்தார். அணைக்கவில்லை.

"அப்பா."

"படம் மட்டும்தானே ஓடுது. படம் பேசுதா என்ன? ஆல்ட்யே, நீ ஆரம்பி."

அம்மா எழுந்தாள். ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மூச்சை உள்ளே இழுத்து, "நீங்க எல்லாரும் வந்ததுல..." என்று தொடங்கினாள். நிஜமாகவே கேட்டது! பழைய மீன்கடைக் குரலில் கால்வாசி இருந்தது. சீட்ஸ்கேவுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துக் கெர்பன் போனைத் தூக்கிக்கொண்டு துள்ளினான்.

"அப்பா! அந்த ரெண்டாவது ஆளு கோடு தாண்டிட்டானாம்! ஓட்டம் செல்லாதாம்!"

"என்னது? முப்பது புள்ளி ரெண்டுல சுத்தினானேடா!" டௌவே ரிமோட்டை அழுத்தினார். சத்தம் பொங்கிக்கொண்டு வந்தது. அம்மாவின் வாய் அசைந்துகொண்டுதான் இருந்தது.

சீட்ஸ்கே எழுந்தாள். காபிக் கோப்பையை மேஜையில் வைத்த சத்தத்தில் ஸ்பூன் தெறித்து விழுந்தது. நேரே போய், டிவிப் பெட்டிக்கு அடியில் இருந்த சுவிட்சைச் செருப்புக் காலால் ஓங்கி மிதித்தாள். திரை கறுத்தது.

"என் வீட்டுல வந்து என்னடி பண்ற நீ?"

"நீங்க கொடுத்த வாக்கை நான் காப்பாத்துறேன்! வெள்ளிக்கிழமை என்ன சொன்னீங்க? அணைக்கிறேன்னு சொன்னீங்களா இல்லையா?"

"ஒரு நிமிஷம்டி! ஒரே நிமிஷம்! நடுவர் முடிவு என்னன்னு கேட்டுட்டு..."

"நடுவர் முடிவு! அம்பது வருஷமா அம்மா உங்களுக்குச் சமைச்சுப் போட்டாங்க. அவங்க பேச்சைக் கேக்க ஒரு கால் மணி நேரம் இல்ல, எவனோ கோடு தாண்டினது முக்கியம்!"

"அக்கா, விடு அக்கா, பிறந்தநாள் அதுவுமா" என்றான் கெர்பன்.

"நீ வாயை மூடுடா! மூச்சு முட்டுதுன்னு சொன்ன அம்மாகிட்ட நல்லா இருக்குன்னு சொன்ன அறிவாளி நீ!"

"எனக்குக் காதுல விழலக்கா!"

"விழலைன்னா விழலைன்னு சொல்லு! ஆமா ஆமான்னு மாடு மாதிரி தலையாட்டாதே!"

டௌவே எழுந்துவிட்டார். அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நோட்டு தரையில் விழுந்து கிடந்தது, அதை அவர் எடுக்கவில்லை.

"உனக்கென்னடி தெரியும்? நீ மாசத்துக்கு ஒருதரம் வருவ, காபி குடிப்ப, எனக்குப் பாடம் நடத்திட்டுப் போவ. இந்த வீட்டுல நாள் பூரா நான் இருக்கேன். அவ ஒண்ணு சொல்லுவா, நான் 'என்ன?'ம்பேன். மறுபடி சொல்லுவா, மறுபடி 'என்ன?'ம்பேன். மூணாவது தடவை அவ அழுவா. நாலாவது தடவை நான் கத்துவேன். இந்தச் சனியன் ஓடினாத்தான் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கடிச்சுக்காம இருக்கோம். தெரியுமா உனக்கு?"

"ஓ! அவங்க பேசக் கஷ்டப்படுறாங்கன்னு டிவியைப் போட்டு மூடிட்டீங்க! அவங்களுக்குக் குரல் போறதுக்கு முன்னால மட்டும் என்ன கேட்டுக் கிழிச்சீங்க? என் புருஷன் போனப்ப என்ன கேட்டீங்க? சொல்லுங்க! பேனாவை எடுத்தீங்க!"

"பதினாறு வருஷமா அந்தப் பேனாவையே பிடிச்சுக்கிட்டுத் தொங்கு!"

"தொங்குவேன்! செத்தாலும் தொங்குவேன்!"

இப்படியே போயிற்று. கெர்பன் குறுக்கே வந்தான், அவனுக்கும் விழுந்தது. அவன் பதிலுக்கு, பிறந்தநாளைக் கெடுப்பதே அக்காவுக்கு வழக்கம் என்றான். அது போதாதா? அவனுடைய கல்யாண நாள்வரை தோண்டி எடுத்தாயிற்று. இத்தனை வருஷம் கால் மணி கால் மணியாகச் சேர்த்துவைத்த பேச்செல்லாம் ஒரே மூச்சில் கொட்டியது. மணி மூன்றே கால் ஆனது யாருக்கும் தெரியவில்லை. மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தியபோதுதான் சீட்ஸ்கேவுக்கு அம்மாவின் நினைவே வந்தது.

திரும்பினாள். அம்மா நாற்காலியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தாள். பிறகு மெல்ல உட்கார்ந்தாள். பக்கத்தில் ஃபெம்கே கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இப்ப சொல்லும்மா. டிவி இல்ல. எல்லாரும் கேக்கிறோம். சொல்லு."

அம்மா மாட்டேன் என்பதுபோல் தலையை ஆட்டினாள். சீட்ஸ்கே குனிந்து அவள் வாயருகே காதைக் கொண்டுபோனாள்.

"சொல்லிட்டேன்."

"எப்ப?"

"நீங்க கத்தும்போது." அம்மா எச்சில் விழுங்கினாள். "அஞ்சையும் சொல்லிட்டேன். கடைசிவரைக்கும்."

"எனக்குக் கேக்கலம்மா. மறுபடி சொல்லு, ஒரே தடவை..."

"குரல் முடிஞ்சு போச்சு."

சீட்ஸ்கே காகிதத்தை வாங்கிப் பிரித்தாள். எறும்பு ஊர்ந்ததுபோல் பொடிப்பொடி எழுத்து. ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. டௌவே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், அவருக்கும் புரியவில்லை. அவர் மனைவி பக்கம் குனிந்து, "ஆல்ட்யே, நான்..." என்றார்.

அம்மா கையைக் காட்டி டிவியைப் போடச் சொன்னாள். சீட்ஸ்கே அசையவில்லை. அம்மா அவள் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். நடுங்குகிற கைதான், பிடி என்னவோ மீன்காரி பிடி.

"போடு. அதுவாவது பனி தேய்க்கிறப்ப நிக்குது. நீங்க நிக்கல."

சீட்ஸ்கேதான் குனிந்து சுவிட்சைப் போட்டாள். அவளுக்கு முகத்தில் அறை வாங்கியதுபோல் இருந்தது. அடுத்த ஜோடி எட்டாவது சுற்றில் இருந்தது. டௌவே நோட்டைத் தரையிலிருந்து எடுத்தார். ஆனால் ஏழு சுற்றைத் தவறவிட்ட அந்தப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. பாலாடைக்கட்டித் துண்டுகளும் கடுகுச் சாந்தும் வந்தன. எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டே தின்றார்கள்.

ஐந்து மணிக்கு ஃபெம்கே வட்டத்தைச் சுற்றிக் கைகொடுத்துவிட்டுக் கிளம்பினாள். சீட்ஸ்கே வாசல்வரை பின்னாலேயே ஓடினாள்.

"ஃபெம்கே அத்தை, நீங்க பக்கத்துலயே இருந்தீங்க. உங்களுக்குக் கேட்டிருக்கும். அம்மா என்ன சொன்னாங்க?"

ஃபெம்கே கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நல்லாவே பேசினா. ஒரு வார்த்தை தடுக்கல. ஆனா அது எனக்குச் சொன்னது இல்லம்மா, உங்களுக்குச் சொன்னது. நான் எடுத்துச் சொன்னா சரியா இருக்காது."

"ஒண்ணே ஒண்ணாவது சொல்லுங்க அத்தை."

"உன் பேரு ரெண்டு தடவை வந்துச்சு" என்று சொல்லிவிட்டு ஃபெம்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.