எனக்குச் சாமி வேண்டாம், என் வீட்டுக்காரர் வேண்டும்

1996 ஆடி மாதம் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. அண்ணாமலையாரை நம்பும் உங்கள் எல்லாருக்கும் இதைச் சொல்லியே ஆகவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அவர் செஞ்சி போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். வாய் ஓயாத மனுஷன். கை கால் ஒரு மாதிரி தேறிவிட்டது, பேச்சு மட்டும் அடியோடு போய்விட்டது. நாம் சொல்வது புரியும், பதில் வராது. என்னைப் பார்த்து வாயைத் திறப்பார், திறந்தபடியே அழுவார்.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரமாகவே இருக்கிறது. தினமும் காலையில் கோயிலில் போய் நிற்பேன். "பேச்சைக் குடு சாமி" என்பது ஒன்றுதான் வேண்டுதல்.

கார்த்திகை தீபத்தன்று அவரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். மலை உச்சியில் தீபம் தெரிந்ததும் தெருவே "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று கத்தியது. அதில் ஒரு குரல் என் பக்கத்திலேயே கேட்டது. "அரோகரா!" அவர் குரல்! ஐயோ, நான் அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டேன்.

வருவது அந்த ஒரு வார்த்தைதான் என்று மறுநாள்தான் தெரிந்தது. தண்ணீர் கேட்டாலும் அரோகரா, கோபம் வந்தாலும் அரோகரா.

தாடி வேறு வளர்ந்திருந்தது. நம்ம ஊரில் இது போதாதா? பௌர்ணமிக்கு வந்த ஜனங்கள் இவரைச் சித்தர் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு அம்மா, "எம்பொண்ணுக்கு இந்த வரன் அமையுமா சாமி?" என்று கேட்டார். இவர் "அரோகரா" என்றார். அந்த அம்மாவுக்கு ஆனந்தக் கண்ணீர். அப்புறம் மாலையும் பழமும் வர ஆரம்பித்தன. என் நாத்தனாருக்குப் பெருமை தாங்கவில்லை. இதுதான் சாமி சித்தமோ என்று நானும் குழம்பினேன்.

ஒரு நாள், ஒன்றுக்குப் போகவேண்டும் என்று சொல்லப் பார்த்து, "அரோகரா, அரோகரா" என்று கதறினார். சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வேட்டி நனைந்துவிட்டது. அவர் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. அன்றைக்கே எல்லாரையும் அனுப்பிவிட்டு அவர் தாடியை எடுத்தேன்.

கோயிலுக்குப் போய்ச் சண்டை போட்டேன். "கேட்டது பேச்சு, குடுத்தது ஒரே வார்த்தை. நியாயமா?" அழுது முடித்த பிறகு ஒன்று தோன்றியது. ஒரு வார்த்தை வந்த வாயில் இன்னொன்று வராதா?

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மாவிடம் போனோம். "கூட்டத்தோட கத்தறது பழக்கத்துல வர்றதுங்க. நெனச்சுப் பேசறது வேற. வரும், ஆனா ரெண்டு பேரும் ரொம்ப நாள் பாடுபடணும். முடியுமா?" என்றார். "முடியுங்க" என்றேன். என்ன தைரியமோ!

வீடு பள்ளிக்கூடம் ஆனது. "கீழ்" என்று நான் நிறுத்துவேன், "பென்னாத்தூர்" என்று அவர் முடிக்கவேண்டும். பஸ்ஸில் தினம் கூவிய ஊர்ப்பெயர், அதற்கே பல வாரம் ஆயிற்று. சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, "தண்ணி" என்று வாய் திறந்து முயற்சி பண்ணும்வரை கொடுக்கமாட்டேன். சொம்பு பறந்து சுவரில் மோதிய நாட்களும் உண்டு.

"ஊரே கையெடுத்துக் கும்புடுது. ஏன் அண்ணி எங்கண்ணனை இம்சை பண்றீங்க?" என்றாள் நாத்தனார்.

"எனக்குச் சாமி வேணாம்டி, உங்கண்ணன்தான் வேணும்" என்றேன்.

அப்புறம் இரண்டு தீபம் வந்து போயின. ஒரு பௌர்ணமியன்று, பழைய நினைப்பில் ஒரு பெரியவர் பழத்தோடு வந்து இவர் காலில் விழப் போனார். என் வீட்டுக்காரர் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். நெற்றியெல்லாம் வியர்த்தது.

"நான்... சாமி இல்லீங்க. பேச்சு... வரல. அவ்ளோதான்."

நான் அடுப்படியில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன்.

முதல் வார்த்தையை அண்ணாமலையார் சும்மா கொடுத்தார். மீதியை எங்களிடம் வேலை வாங்கிக்கொண்டு கொடுத்தார். அப்படிப் பாடுபட வலு கொடுத்ததும் அவர்தான். நீங்களும் அவரிடம் கேளுங்கள். கொஞ்சம் கிடைத்ததும் போதும் என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

இப்போது தினமும் காலையில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். சில நாள் பாதியில் நின்றுவிடும். நான் முடித்து வைப்பதில்லை. காத்திருக்கிறேன், அவரே சொல்லி முடிக்கிறார்.