பெயருக்குள் ஒரு சாய்கோடு

கலைமகளுக்குக் காளிதாஸ் என்ன முறை என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. கூடப் பிறந்தவன் இல்லை, சொந்தக்காரனும் இல்லை. அவள் நியாலாஸ் தோட்டத்தில் பிறந்தவள். அவன் புலாவ் செபாங் ஊர்க்காரன். மலாக்கா டவுனில், கடை வீட்டு மாடியில் இருந்த ஒரு மென்பொருள் கம்பெனியில் இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள், அவ்வளவுதான். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்குச் சம்பளக் கணக்குப் போடும் சிஸ்டத்தை அவன் எழுதினான். அவள் அதில் ஓட்டை கண்டுபிடித்தாள். காலையெல்லாம் சண்டை நடக்கும். மத்தியானம் ஆனதும், "தங்கச்சி, மக்கான் போலாமா லா?" என்று சாப்பிடக் கூப்பிட்டு அவள் நாற்காலியைத் தட்டுவான்.

போன தீபாவளி கழிந்த கையோடு மாரடைப்பில் போய்விட்டான். சொந்தம் செத்தால்தான் லீவு என்பது ஆபீஸ் சட்டம். அடக்கத்துக்குப் போய்விட்டு மறுநாளே வந்து உட்கார்ந்தாள் கலைமகள். துக்கப்படுவதற்குக்கூட ஒரு முறை வேண்டியிருக்கிறது, என்ன உலகமோ! அவள் அழவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அவள் அழுதது அவன் எழுதிய நிரலுக்குள். நிரல் வரிகளுக்கு நடுவே, கம்ப்யூட்டர் படிக்காமல் தாண்டிப் போகும் குறிப்புகள் உண்டு. அடுத்துப் பார்க்கிறவருக்காக எழுதி வைப்பவை. மற்றவர்கள் இங்கிலீஷில் எழுதுவார்கள். காளிதாஸ் தமிழில், அதுவும் பேசுகிற மாதிரியே எழுதினான். "தங்கச்சி, இங்க கை வைக்காத. வச்சா மழை நாள் சம்பளம் தப்பாயிரும்." "பசிக்குது. மிச்சம் நாளைக்கு." "இந்த ஓட்டைய நீ கண்டுபிடிக்க மாட்டன்னு நெனச்சேன், கண்டுபிடிச்சிட்ட, சரி விடு." வேலை ஓய்ந்த நேரத்தில் அவள் அதைத் திறந்து வைத்துப் படிப்பாள். படிக்கிற வரைக்கும் அவன் பக்கத்து நாற்காலியில் இருப்பான்.

அப்போதுதான் மேனேஜர் பாலகிருஷ்ணன் கூப்பிட்டார்.

"கலை, நம்ம பழைய ஃப்ரேம்வொர்க்க செஞ்சவங்களே கைவிட்டுட்டாங்க. புதுசா ரெண்டு பாத்து வச்சிருக்கேன், ஒன்னு சின்னது, ஒன்னு பெருசு. மூனையும் கம்பேர் பண்ணுங்க. நீங்க எத சொல்றீங்களோ அதான்."

ஃப்ரேம்வொர்க் என்பது தூணும் கூரையும் போட்டுத் தருகிற வீடு. சுவரையும் அறையையும் நாம் கட்டிக்கொள்ள வேண்டும். தூணை மாற்றினால் பழைய சுவர் எதுவும் நிற்காது. 'புதிது' என்று கலைமகள் சொன்னால் காளிதாஸ் எழுதியது முழுக்கப் போகும். பழைய சர்வரைத் துடைத்துவிடுவது கம்பெனி வழக்கம், நிரலை வீட்டுக்கு எடுத்துப் போகவும் அனுமதி இல்லை. அவன் பேச்சும் அதோடு போய்விடும்.

மூன்றையும் ஓட்டிப் பார்த்தாள். சின்னது சுறுசுறுப்பு. வேண்டியதை வெளியிலிருந்து பொறுக்கிச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் சில வருஷம் போனால் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு பக்கம் இழுக்கும். பெரியது மந்தம், கற்றுக்கொள்ளவே மாதக்கணக்காகும். ஆனால் யார் எதைப் பார்க்கலாம் என்ற பூட்டு முதல் ரிப்போர்ட் வரை எல்லாம் அதிலேயே இருக்கிறது, தெரிந்த ஆட்களும் கிடைக்கிறார்கள். பழையதிலோ, நாளைக்கு எவனாவது உள்ளே புகுந்தால் ஓட்டையை அடைக்க ஆள் இல்லை. விடை அவளுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தாள்.

"ஒரு சிஸ்டத்துக்குப் போயி இப்படியா மூஞ்சிய தூக்கி வச்சிக்குவ?" என்றான், புக்கிட் காத்தில் என்ற ஊரிலிருந்த வீட்டில், புருஷன் குகன்.

கடைசியில் பெரியதில் தொழிலாளர் பெயர்களை ஏற்றினாள். வங்காளதேசத்துக்காரர்கள் ஏறினார்கள், நேபாளிகள் ஏறினார்கள், மலாய்க்காரர்களும் ஏறினார்கள். தமிழர் ஒருவர்கூட ஏறவில்லை. 'செல்லாத பெயர்' என்று சிவப்பு எழுத்து வந்தது. மகனுக்கு ஏ/எல், மகளுக்கு ஏ/பி என்று நம் அடையாள அட்டையில் தகப்பன் பெயருக்கு முன்னால் ஒரு சாய்கோடு நிற்கிறதே, அது அந்த ஃப்ரேம்வொர்க்குக்கு ஆகவில்லை.

கலைமகளுக்கு உயிர் வந்தது. நம் ஆட்கள் பெயரையே ஏற்காத சிஸ்டம் எதற்கு என்று கேட்டால் பாலகிருஷ்ணன் வாயைத் திறக்கமாட்டார். அவர் பெயரிலும் அந்தக் கோடு இருக்கிறது.

இதைப் பழையதில் காளிதாஸ் எப்படிச் சமாளித்தான் என்று தேடிப் போனாள். குறிப்பு இருந்தது.

"தங்கச்சி, கோடு இருந்தா பேரு ஏறாது. கோட்ட எடுத்துட்டு ஏத்தாத, அது அப்பன் பேரு. எந்த சிஸ்டம் வந்தாலும் இந்தக் கோளாறு வரும். சிஸ்டத்த குத்தம் சொல்லாத லா, ஒரே வரிதான். போட்டுட்டு வா, மக்கான் போலாம்."

"பாவி மனுசா," என்று வாய்விட்டே திட்டினாள். கண்ணீர் கீபோர்டில் விழுந்தது. புதியதில் நம் பெயர் ஏறாது, பழையதே இருக்கட்டும் என்று பொய் சொல்ல அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் சொல்லியிருந்தால் அந்தக் குறிப்பை மறுபடி படிக்க அவளுக்கு முகம் இருந்திருக்காது.

அந்த ஒரு வரியைப் புதியதில் எழுதினாள். சோதிக்க ஒரு பெயர் வேண்டும். 'காளிதாஸ் ஏ/எல் இருளாண்டி' என்று அடித்தாள். ஏறியது.

"பெருசுதான் நல்லது பொஸ்," என்று பாலகிருஷ்ணனிடம் போய்ச் சொன்னாள். அவர் தலையாட்டினார். மாற்றும் வேலை தொடங்கியது, பழைய சர்வரையும் துடைத்தார்கள். அவள் ஒன்றே ஒன்று செய்திருந்தாள்: புதிய நிரலில் அந்த வரிக்கு மேலே அவன் குறிப்பை அப்படியே எழுதி வைத்திருந்தாள்.

நிரலைச் சரிபார்த்த பாலகிருஷ்ணன் அங்கே வந்து நின்றார். "இதென்ன கலை, தமிழ்ல? நாளைக்கு வேற யாராச்சும் வந்தா படிக்கணும்ல. இங்கிலீஷ்ல மாத்திருங்க."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. பெயரில் சாய்கோடு வரலாம் என்று இங்கிலீஷில் எழுதினாள் கலைமகள். கோட்டுக்கு இங்கிலீஷ் இருந்தது, பெயருக்கும் இருந்தது. 'தங்கச்சி'க்கு மட்டும் ஒன்றும் அகப்படவில்லை. அவன் குறிப்பை அழித்தாள். அந்த ஆபீசில் அவளை அப்படிக் கூப்பிட இனி யாரும் இல்லை.