டிராமில் மட்டும் தம்பி

டிராமில் ஏறினால் என் அண்ணன் எனக்குத் தம்பியாகிவிடுவான். ராயபுரத்தில் ஏறி எங்கே இறங்கினாலும் சரி, இறங்கும்வரை அவன் தம்பிதான். எனக்கு அப்போது பத்து வயது, அவனுக்குப் பதிமூன்று. நான் அம்மா வீட்டு உயரம். அவன் நைனாவைப் போலக் கட்டை. பக்கத்தில் நிறுத்தினால் நான் இரண்டு விரல் கூடவே இருப்பேன். பன்னிரண்டு தாண்டினால் முழு டிக்கெட் என்று டிராம்காரர்கள் வைத்திருந்த விதியை என் அம்மா ஒருநாளும் மதித்ததில்லை. கண்டக்டர் நெருங்கியதும், "பொண்ணுக்குப் பத்து, பையனுக்கு ஒம்போது, ரெண்டும் அரை டிக்கெட்" என்று தானே முந்திக்கொள்வாள். அவர் சந்தேகமாகப் பார்த்தால் நான் களத்தில் இறங்குவேன். "தம்பி, கைய வெளிய நீட்டாத!" என்று ஓர் அதட்டல் போடுவேன். அதற்குமேல் எந்தக் கண்டக்டரும் கேட்டதில்லை.

இந்த வித்தையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று எனக்கு நல்ல நினைப்பு. மானம் போனது அண்ணனுக்குத்தான். இறங்கிய மறு நிமிஷம் என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு விழும். நான் வலிக்காத மாதிரி சிரிப்பேன். அக்காவாக இருப்பதற்கு அந்தக் குட்டு ஒன்றும் பெரிய விலை இல்லை.

யுத்தம் முடிந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. சர்க்கரைக்கு ரேஷன். நைனா ஹார்பரில் மூட்டை தூக்கினார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அவருக்கு மத்தியானச் சோறு கொண்டுபோவது அண்ணன் பொறுப்பு. ஒருநாள், கூட்ஸ் வண்டி நிற்கும் தண்டவாளத்தை ஒட்டிய கிடங்கில் ஒரு மூட்டை கொக்கி பட்டுக் கிழிந்து, சர்க்கரை மண்ணில் கொட்டிவிட்டது. பையன்கள் சட்டையை ஏந்தி வாரிக்கொண்டிருந்தபோது போலீஸ்காரர் ஒருவர் தடியோடு வந்தார். வாரினவர்கள் அத்தனை பேரும் பறந்துவிட்டார்கள். வாராதவன் ஒருவன் மட்டும் நின்றான். அவன் கையிலிருந்த தூக்குச்சட்டியில் நெத்திலிக் குழம்பு. ஓடினால் குழம்பு சிந்தும், சிந்தினால் அம்மா தோலை உரித்துவிடுவாள். அதனால் என் அண்ணன் ஓடவில்லை. அந்த வழியாக நடந்து வந்ததில் அவன் வெறுங்காலில் சர்க்கரை ஒட்டியிருந்தது. கேஸுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

நைனா அன்று பட்டினியாக வீட்டுக்கு வந்து, சோறு கொண்டுவராத பிள்ளையைக் கண்டபடி ஏசினார். ஏசி முடித்த பிறகுதான் ஓடிப்போன பையன்களில் ஒருவன் பயந்துகொண்டே வந்து விஷயத்தைச் சொன்னான். கேஸில் பிடிபட்ட பிள்ளைகளை வைத்திருக்கும் ஒரு விடுதிக்கு அண்ணனைக் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு வாரம் கழித்து, சிறுபிள்ளைகளுக்கென்று தனியாக இருந்த கோர்ட்டுக்கு வரச் சொன்னார்கள்.

அம்மா அழவில்லை. அவள் திட்டம் தயாராக இருந்தது. டிராமில் சொல்வதையே அங்கேயும் சொல்வது. நைனாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

"வாணாம்மே. உள்ளதச் சொல்லிடு."

"உனுக்கு இன்னா தெர்யும்? பெரிய புள்ளைன்னா திருடன்னுவான். சின்னப் புள்ளைன்னா பாவம்னு வுட்டுடுவான்."

வாதம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் நைனா வாயை மூடிக்கொண்டார். மேஸ்திரி லீவு கொடுக்காததால் அவர் வரவும் இல்லை. அம்மா எனக்கு எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னலிட்டு, "டிராம்ல பேசுற மாறியே பேசு, பயப்படாதே" என்று சொல்லிக் கூட்டிப்போனாள். நான் ஏன் பயப்படப் போகிறேன்? எனக்குத் தெரிந்த பாடம்தானே.

கோர்ட்டு என்றால் கூண்டு இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். ஒரு மேஜையும் நான்கு நாற்காலியும்தான் இருந்தன. நீதிபதியும் ஒரு அம்மாள். கண்ணாடி போட்டு, வெள்ளைப் புடவை கட்டி, எங்கள் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் மாதிரி இருந்தார்கள். அண்ணன் காக்கி டவுசரில், மொட்டைத் தலையோடு வந்து நின்றான். தலையை மழித்ததில் அவன் இன்னும் சிறியவனாகத் தெரிந்தான். நமக்கு இதுவும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அம்மாள் அவனைக் கேட்டார்கள். "எனக்குப் பதிமூணு வயசு. நான் சக்கரை எடுக்கலம்மா" என்றான். இரண்டும் சத்தியம்.

பிறகு அம்மாவைக் கேட்டார்கள். "ஒம்போது வயசுதாம்மா, ஒண்ணுந் தெரியாத கொயந்தை" என்றாள்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். "இவன் உனக்கு என்ன வேணும்?"

"தம்பி" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அண்ணன் பக்கம் திரும்பி, "தம்பி, கையக் கட்டிக்கினு நில்லு!" என்று ஓர் அதட்டல் போட்டேன்.

அந்த அம்மாள் சிரித்துவிட்டார்கள். அண்ணன் என்னைப் பார்த்தான், பிறகு அம்மாவைப் பார்த்தான். இத்தனை பேர் முன்னால் பெற்றவளைப் பொய்க்காரி ஆக்க அவனுக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

வயதையே மாற்றிச் சொல்கிறவன் சர்க்கரையைத் தொடவில்லை என்றால் எப்படி நம்புவது என்று அந்த அம்மாள் மெதுவாகத்தான் கேட்டார்கள். ஒன்பது வயதுக் குழந்தையைக் கூட்ஸ் வண்டிகளுக்கு நடுவே தனியாக அனுப்புகிற வீட்டில் அவனுக்கு என்ன பாதுகாப்பு என்றும் கேட்டார்கள். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் அம்மா பதிலுக்கு ஒரு பிடி பிடித்திருப்பாள். எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். போகும்போது எனக்கு ஒரு பிஸ்கட்டும் கொடுத்தார்கள்.

அண்ணனை வேறு கதவு வழியாகக் கூட்டிப்போனார்கள். அம்மா வெளியே வந்து, பிள்ளையை எப்போது விடுவார்கள் என்று பியூனிடம் கேட்டாள்.

"எங்கம்மா வுடுவாங்க? செங்கல்பட்டுப் பக்கம் சீர்திருத்த இஸ்கோலுக்கு அனுப்புறாங்க. பதினெட்டு வயசு ஆவற வரைக்கும் அங்கதான். நீதானே ஒம்போதுன்னே? அப்ப ஒம்போது வருசம்."

"ஐயோ, பதிமூணுங்க அவனுக்கு!"

"அத்த உள்ளயே சொல்லக் கூடாதா? பெரிய புள்ளைன்னா நாலு திட்டு திட்டி உங்கூடவே அனுப்பியிருப்பாங்களே. கொயந்தைன்னதும் அவங்களுக்கு மனசு கேக்கல."

அம்மா அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நான் வெளியே நின்று பிஸ்கட் தின்றேன். உள்ளே அவள் குரல் கேட்டது, பிறகு அந்த அம்மாளின் குரல். வரும்போது ஒன்பது, போகும்போது பதிமூன்றா என்று கேட்டதும், ஏதாவது சான்று கொண்டு வா என்று சொன்னதும் காதில் விழுந்தன. அண்ணன் பிறந்தது ஆஸ்பத்திரியில் இல்லை, வீட்டில். பிரசவம் பார்த்தவள் எப்போதோ செத்துப்போயிருந்தாள். பள்ளிக்கூட ரிஜிஸ்தரிலாவது இருக்குமென்று பிறகு ஓடிப்போய்ப் பார்த்தால், பின்னால் உத்தியோகத்துக்கு உதவும் என்று வாத்தியார் இரக்கப்பட்டு அங்கேயும் வயதைக் குறைத்துத்தான் எழுதியிருந்தார். என் அண்ணனை வாழ்க்கையில் எல்லோரும் இரக்கப்பட்டே சின்னவனாக்கினார்கள்.

நான்கு வருடம் அம்மா அலைந்தாள். ஏறாத படி இல்லை. கடைசியில் அண்ணனின் மீசைதான் சாட்சி சொல்லிற்று. பதிமூன்று வயதுப் பையனுக்கு இவ்வளவு மீசையா என்று புதிதாக வந்த டாக்டர் ஒருவர் சந்தேகப்பட்டு மேலே எழுதிப்போட்டதில் அவனை விடுவித்தார்கள். காகிதப்படி பார்த்தால், உண்மையில் எந்த வயதில் உள்ளே போனானோ அதே வயதில் வெளியே வந்தான். வந்தவன் என்னைக் குட்டவில்லை. குட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். "நீ இன்னா பண்ணுவே, சின்னப் பொண்ணு" என்றான். அன்றைக்குத்தான் நான் அழுதேன்.

கோர்ட்டுக்குப் போன நாளில் நான் அழவில்லை. அன்று வீடு திரும்பும்போது டிராமில் கூட்டமே இல்லை. கண்டக்டர் எங்களைத் தெரிந்தவர், அம்மாவின் பல்லவி அவருக்கு மனப்பாடம். சிரித்துக்கொண்டே, "ஒரு முழுசு, ஒரு அரையா?" என்றார்.

"ரெண்டும் முழுசு" என்றாள் அம்மா.

"பாப்பாவுக்குப் பத்துதானேம்மா?"

"முழுசே குடு."

எனக்கு உண்மையிலேயே பத்து வயதுதான். ஒரு பொய்யும் சொல்லாமல் அரை டிக்கெட் வாங்கியிருக்கலாம். அம்மா ஏன் அப்படிச் செய்தாள், ஏன் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டே வந்தாள் என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. என் முதல் முழு டிக்கெட் அது. காற்றில் பறந்துவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்குப் போனதும் இதை அண்ணன் மூக்குக்கு நேராக ஆட்டிக் காட்ட வேண்டும், அவன் குட்டுவதற்குள் ஓடிவிட வேண்டும் என்று வழிநெடுக நினைத்துக்கொண்டே வந்தேன்.