அப்பா எனக்கு என்ன உறவு?

அந்தக் கேள்விக்கு நான் எழுதிய விடை சரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இத்தனை வருடம் கழித்தும், கேட்கிறவர்கள் எல்லாரும் கடைசியில் "பாவம், சின்னப் பெண், குழம்பிப்போயிருப்பாய்" என்கிறார்கள். நான் குழம்பவில்லை. குழம்பியிருந்தது கேள்வி.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். அப்பாவுக்கு உள்ளே லேத் வேலை. நான் எட்டாம் வகுப்பு. அந்த வருடம் மனத்திறன் தேர்வு என்று ஒன்று வந்தது. அதில் தேறினால் மேலே படிக்க உதவித்தொகை உண்டு. எனக்கு உதவித்தொகையைவிடப் பள்ளிக்கூட வாசல் பலகையில் சுண்ணக்கட்டியால் பெயர் எழுதுவார்களே, அதுதான் வேண்டியிருந்தது. ஆனால் வகுப்புக்கு இரண்டு பேரைத்தான் அனுப்புவார்கள். அந்த இரண்டு பேர் யார் என்று தீர்மானிக்கக் கணக்கு சார் ஒரு மாதிரித் தேர்வு வைப்பதாக அறிவித்தார்.

என்னைத் தயார் செய்யும் பொறுப்பை அப்பா எடுத்துக்கொண்டார். ஷிப்ட் முடிந்து வந்து, சலவைத்தூள் போட்டு விரலிடுக்கில் இருக்கும் எண்ணெயைத் தேய்த்துக் கழுவிவிட்டு, பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்றை விரித்து உட்காருவார். எண்களின் வரிசை, கண்ணாடியில் தெரியும் உருவம், கூட்டத்தில் சேராத சொல் எல்லாம் சுலபமாகவே வந்தன. திசைக் கணக்குக்கு என்னை வாசலில் நிறுத்தி, "வடக்கே போ, சோத்துக் கைப் பக்கம் திரும்பு" என்று நடக்கவே வைத்தார். எதிர்வீட்டுப் பாலக்காட்டு மாமி நாங்கள் ஏதோ வேண்டுதல் நிறைவேற்றுகிறோம் என்று நினைத்தாராம்.

உறவுக் கணக்குதான் எனக்கு வரவில்லை. ராமன் ஒரு பெண்ணைக் காட்டி, இவள் என் தாயின் ஒரே மகனின் மகள் என்பான். அந்தப் பெண்ணுக்கு ராமன் யார் என்று கேட்பார்கள். எனக்குத் தலை சுற்றும். அதற்கும் அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார்.

"ராமன் யாருன்னு உனக்குத் தெரியுமா? தெரியாது. அப்பறம் அவன் மச்சினிய எங்க போய்த் தேடுவ? நம்ம ஊட்டு ஆளுங்கள எடுத்து வை. ராமன்னா நான். ராமனோட அக்கான்னா உங்க ஆயா. இப்ப சொல்லு பாப்பா."

சொன்னேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. எந்தக் கேள்வி வந்தாலும் வெள்ளானூரில் இருந்த எங்கள் சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து நின்று, தங்கள் இடத்தில் பொருந்தி, விடையைச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். என் அம்மா, அப்பாவின் சொந்த அக்கா மகள். தாய்மாமனையே கட்டிக்கொண்டவள். எங்கள் பக்கத்தில் இது யாரும் நின்று திரும்பிப் பார்க்கிற செய்தி அல்ல. பேச்சு வந்த நாளிலிருந்து அம்மா அவரை மாமா என்று கூப்பிட்டிருக்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு வேறு வார்த்தை தேடும் சிரமம் அவளுக்கு இல்லை.

மாதிரித் தேர்வில் வந்த கேள்வி இது: உன் தாயைப் பெற்றவளுக்கு ஒரே ஒரு தம்பி. அவர் உனக்கு என்ன உறவு? விடைகள் நான்கு கொடுத்திருந்தார்கள். பெரியப்பா, தாத்தா முறை, அப்பா, அண்ணன்.

வழக்கம்போல எங்கள் வீட்டு ஆட்களை எடுத்து வைத்தேன். தாயைப் பெற்றவள், ஆயா. ஆயாவின் ஒரே தம்பி, அப்பா. இதைவிட எளிமையான கேள்வி அந்தத் தாளில் இல்லை. அப்பா என்பதற்கு நேரே கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

விடைத்தாளைத் திருத்திக்கொண்டு வந்த கணக்கு சார், பெயர்களைப் படிப்பதற்கு முன்னால் இதைத்தான் படித்தார். "ஒருத்தி அப்பான்னு போட்டிருக்கா. பாட்டிக்குத் தம்பி, பேத்திக்கு அப்பாவாம்." வகுப்பு சிரித்தது. என் பக்கத்தில் இருந்தவள் காதருகே வந்து, "இன்னாடி, உங்கப்பா உனக்குத் தாத்தாவா?" என்றாள். எழுந்து நின்று விளக்கத் தொடங்கினேன். "உட்காரு. கேள்விக்குப் பதில் கேட்டா குடும்பக் கதை சொல்றே" என்றார் சார். அவரே அத்தை மகளைக் கட்டியவர். அது பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். கேள்வித்தாளைக் கையில் எடுத்துவிட்டால் மட்டும் அவருக்குச் சொந்தபந்தமே கிடையாது.

அந்த ஒரு மதிப்பெண்ணில் நான் மூன்றாவதாகப் போனேன்.

வீட்டில் அப்பா முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும் பாப்பா. பொதுவாக் கேட்டிருக்காங்க. நம்ம ஊட்ட வச்சா கேப்பாங்க?"

என்னால் தாங்க முடியவில்லை. "நீதானே நம்ம ஊட்டு ஆளுங்கள வைக்கச் சொன்ன?"

"சொன்னேன். அதுக்காக எல்லாத்துக்குமா வைப்பாங்க?"

லேத்தில் மயிரிழை பிசகினால் பொறுக்காத மனிதர். அவர் இப்படி வழுக்கியதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"நாளைக்கு நான் வர்றேன் இஸ்கூலுக்கு."

"நீ போயி இன்னா சொல்லப்போற?"

"கீறதச் சொல்லப்போறேன், மாமா."

அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை. கல்யாணத்துக்குப் போகிறவள்போல நல்ல புடவை கட்டியிருந்தாள். ஆசிரியர்கள் அறையில் கணக்கு சாரும் அறிவியல் டீச்சரும் இருந்தார்கள். அம்மாவை உட்காரச் சொல்லவில்லை. இதற்காகவும் எனக்கு இன்றுவரை கோபம் உண்டு.

"இவ அப்பா எங்க அம்மாவுக்குக் கூடப்பொறந்த தம்பி சார். எங்க அம்மாவுக்கு வேற தம்பி கிடையாது. அப்ப இவளுக்கு அவரு யாரு சார்?"

"அதும்மா, உங்க வீட்ல அப்படி இருக்கலாம். புத்தகத்துல தாத்தா முறைன்னு இருக்கு."

"புத்தகத்துக்கு அவரு தாத்தாவா இருந்துட்டுப் போவட்டும் சார். இவளுக்கு அப்பாதானே?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அம்மா இவ்வளவு நன்றாகத் தர்க்கம் பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. இன்னும் ஒரு வாக்கியம் பேசினால் மதிப்பெண் எங்களுடையது. அப்போது பார்த்து அறிவியல் டீச்சர் குறுக்கே வந்தார். அவர் தென்மாவட்டத்துக்காரர். எங்கள் பக்கத்து வழக்கங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் அவருக்கு விருப்பம் அதிகம்.

"ஏம்மா, சொந்தத் தாய்மாமனேவா? உங்களைத் தூக்கி வளத்தவரா இருப்பாரே?"

"ஆமாம் டீச்சர். இடுப்புலயே வச்சிருப்பாரு. எனக்கு மொட்ட போட்டுக் காது குத்துனது அவரு மடியிலதான்."

"அய்யய்யோ. பெறகு எப்படிம்மா ஒத்துக்கிட்டீங்க?"

அம்மா புடவைத் தலைப்பைத் தோளில் சரிசெய்தாள். "எங்கிட்ட கேட்டாத்தானே டீச்சர் ஒத்துக்கிறதுக்கு? எஸ்.எஸ்.எல்.சி. பரீச்சைக்கு ஹால் டிக்கெட் வந்திருந்திச்சு. அதுக்குள்ள பந்தக்கால் நட்டுட்டாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அறையில் வேறு யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் மேசைமேல் இருந்த நோட்டுகளை அடுக்கத் தொடங்கினார். நானோ கொதித்துக்கொண்டிருந்தேன். வந்த வேலை என்ன, பேசுகிற பேச்சு என்ன? யாரோ யாரையோ கட்டிக்கொண்டது இப்போது எதற்கு? அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

"ம்மா. மார்க்கக் கேளு."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சார் பக்கம் திரும்பி, "அந்த ஒரு மார்க்கு, சார்" என்றாள்.

சார் என் விடைத்தாளைத் தேடி எடுத்தார். பெருக்கல் குறியை அடித்து, பக்கத்தில் சரி போட்டார். மேலே இருந்த எண்ணைத் திருத்திக் கையெழுத்தும் வைத்தார். இரண்டாவதாக இருந்த பையனும் நானும் சமம் ஆனோம். மூன்று பேரையும் அனுப்பலாம் என்றும், தலைமையாசிரியரிடம் தானே சொல்லிக்கொள்வதாகவும் சொன்னார். அம்மாவுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மா வேண்டாம் என்றுவிட்டாள்.

என் தர்க்கம் வென்றது என்று நம்பினேன். சரியான விடையை யாராலும் எத்தனை நாளைக்குத் தப்பு என்று சொல்லிக்கொண்டிருக்க முடியும்? வழி நெடுக இதையே பேசிக்கொண்டு வந்தேன். அம்மா "ம்" கொட்டிக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் தொழிற்சாலைச் சங்கு ஊதி, அப்பா வந்ததும் நான் ஓடிப்போய்ச் சொன்னேன். சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, அப்படியே திருப்பிக்கொண்டு கடைக்குப் போய்ப் பொட்டலம் நிறைய பக்கோடா வாங்கி வந்தார்.

"ஒரு மார்க்க வாங்கிகினு வந்துட்டாளே எங்க அக்கா பொண்ணு. அப்படி இன்னாதான் சொன்ன அந்தாளுகிட்ட?"

"நடந்ததச் சொன்னேன்."

"அதான் இன்னான்னு கேக்கறேன்."

"அதான் சொன்னனே. நடந்தது."

அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா பக்கோடாவைத் தொடவில்லை. சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். கொடுத்த விவரங்களிலிருந்து முடிவுக்கு வருவது எப்படி என்று அத்தனை வாரம் பயிற்சி எடுத்தவள் நான். வெயிலில் நடந்திருக்கிறாள், பழக்கமில்லாமல் அத்தனை பேச்சு பேசியிருக்கிறாள், சாப்பிட மறுக்கிறாள், கண்ணை மூடியிருக்கிறாள். ஆகவே தலைவலி. அலமாரியிலிருந்து தைலத்தை எடுத்து வந்து நீட்டினேன்.

அம்மா கண்ணைத் திறந்து சீசாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாங்கி, நெற்றியில் தேய்த்துக்கொண்டாள்.