காதுக்கும் ஒரு பரீட்சை

எழுபதுகளின் கடைசியில் நான் கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அந்த ஐப்பசி மழையில் சிறுநீர் கழிக்கப் போனாலே எரிச்சல் உயிரை எடுத்தது. கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவேன். எரிச்சல் குறைந்ததும் நிறுத்திவிடுவேன். அப்படியே திரும்பத் திரும்பச் செய்ததில், ஒருமுறை மாத்திரை வேலை செய்யவே இல்லை. முதுகு வலித்தது. குளிர்காய்ச்சல் கட்டிலையே ஆட்டியது. என் கணவர் டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

அங்கே முதலில் கொடுத்த மருந்துக்கும் காய்ச்சல் அசையவில்லை. சிறுநீரை மதுரைக்கு அனுப்பிச் சோதித்தார்கள். முடிவு வந்ததும் டாக்டரம்மா என் கட்டில் ஓரம் உட்கார்ந்தார்.

"டீச்சர், உங்க கிருமிக்கு இந்த மாத்திரையெல்லாம் பழகிப்போச்சு. ஒரே ஒரு ஊசி மருந்துக்குத்தான் சாகும்போல. ஆனா அந்த ஊசி சில பேருக்குக் காதைப் பாதிக்கும். தினமும் சோதிச்சுக்கிட்டே போடுறேன்."

"வியாதி மூத்திரத்துல, ஊசி இடுப்புல, பரீட்சை காதுலயா?" என்றேன். அந்தக் காய்ச்சலிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள் காலை டாக்டரம்மா என் தலைமாட்டுக்குப் பின்னால் நின்று கிசுகிசுத்தார். "காலையில என்ன சாப்பிட்டீங்க?"

நான் வாய் திறப்பதற்குள், காலில் மாவுக்கட்டோடு பக்கத்துக் கட்டிலில் கிடந்த மன்னவனூர் அக்கா முந்திக்கொண்டார். "ரொட்டியும் பாலும்ங்க. பாதிய அப்படியே வச்சுட்டாங்க."

"உங்க காது நல்லாத்தாம்மா இருக்கு. டீச்சர் சொல்லட்டும்."

அடுத்த நாள் குரல் இன்னும் தணிந்தது. "உங்க வீட்டுக்காரர் நல்லாச் சமைப்பாரா?"

"சுடுதண்ணி வைப்பாருங்க."

வார்டே சிரித்தது. அந்த நேரம் பார்த்து என் கணவர் பிளாஸ்க்கோடு உள்ளே வந்தார். உள்ளே இருந்ததும் சுடுதண்ணீர்தான்.

ஒருநாள் டாக்டரம்மா பின்னால் வந்து நின்றதும் காத்துக் காத்துப் பார்த்தேன். ஒரு சத்தமும் கேட்கவில்லை. இனி பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதை எப்படிக் கேட்பேன்? கண் கலங்கிவிட்டது.

"டாக்டரம்மா, எனக்கு ஒண்ணுமே கேக்கலைங்க!"

"நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலையே! மூக்கைத் துடைக்கக் கைக்குட்டை தேடிக்கிட்டிருக்கேன்."

"ஆத்தாடி! எனக்கும் கேக்கலைன்னதும் என் காதும் போச்சுன்னு நெனச்சேன்," என்றார் அக்கா.

அன்று மாலை காய்ச்சல் இறங்கியது. சில நாட்களில் ஊசியும் முடிந்தது. மறுபடி சோதித்தபோது கிருமி இல்லை. "இனிமே என்னைக் கேக்காம மாத்திரை வாங்கக் கூடாது. தண்ணி நிறையக் குடிக்கணும்," என்று கண்டித்து அனுப்பினார் டாக்டரம்மா.

வெளியே வந்ததும் அகோரப் பசி. பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் நான் தோசைமேல் தோசையாகச் சொல்லச் சொல்ல, என் கணவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே சட்னியை என் பக்கம் நகர்த்தினார்.