நாலு நிமிட நடை

கனடாவில் இருந்து வந்த அந்த அம்மா, வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் எதிர் வீட்டில் வாடகைக்கு இருந்தார். சேலைக்குக் கீழே வெள்ளைச் சப்பாத்து. எந்தத் தூரத்தையும் நிமிடத்தில்தான் சொல்லுவார். கடற்கரை ஆறு நிமிடம், கோயில் ஒன்பது. கனடாவில் அவர் வீட்டிலிருந்து மகன் வீடு வெறும் நாலு நிமிட நடை! எங்கள் பிள்ளைகள் எல்லாம் விமானத் தூரத்தில் இருப்பதால், எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

"அப்ப ஒவ்வொரு நாளும் மகனைப் பாப்பியள்?"

"நான் எங்க பாக்கிறது? அவன்தான் என்னைப் பாப்பான். கறி கொண்டுபோய் பெல் அடிச்சா, 'வாசல்ல வச்சிட்டுப் போங்கோ அம்மா, மீட்டிங்ல நிக்கிறன்' எண்டு கதவு கதைக்கும். அதில கமரா இருக்கு."

தங்கமான பிள்ளை. தாயை வாசலில் நிறுத்தினாலும் கண்ணை எடுக்கவில்லை.

மாலை ஐந்தரைக்கு அவருடைய போன் அடித்தது. திரையில் மகனின் முகம். அங்கே அப்போது காலை, வேலைக்குப் போகுமுன் தினமும் எடுப்பானாம். சாப்பாடு, வெயில், மருந்து எல்லாம் விசாரித்துவிட்டு, எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டான்.

"டிக்கெட் கிடைக்கேல்லை ராசா," என்றார்.

அவர் போனை வைத்ததும், "இன்னும் கிடைக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"கேட்டாத்தானே கிடைக்கும்," என்றார். "இஞ்ச வந்தாப் பிறகுதான் அவன்ர முகத்தைப் பாக்கிறன்."